நடுவில் நின்ற 'யூ'

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான். அதாவது, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு எழுபத்திரண்டு புள்ளி வாங்கியிருந்தேன். மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாள், உரப்பையின் பின்பக்கம், வீட்டுத்திட்டப் படிவம் என்று ஆங்கிலம் எழுதிய எதுவும் முதலில் என் கைக்குத்தான் வரும். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததையும் சொல்வேன். 'தெரியாது' என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த பதவி அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

உருத்திரபுரத்தில், வாய்க்காலுக்கு அப்பால், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வரிசையில் எங்கள் தகர வீடு இருந்தது. வீட்டுக்குள் 'ஆமா' என்போம். படலையைத் தாண்டினால் 'ஓம்' என்போம். யாரும் சொல்லித் தந்ததல்ல, தானாக வந்த பழக்கம். போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா மற்றவர்களின் வயலுக்குக் கூலிக்குப் போவார். மழை பிழைத்த வருடம் அது. வேலையும் பாதி நாள்தான் இருந்தது.

அந்த வருடம்தான் அம்மா கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு மனுப் போட்டார். கிளிநொச்சியில் ஒரு நிறுவனம் பெண்களை எடுப்பதாகச் சந்தைக்குப் போன இடத்தில் கேள்விப்பட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவி முடித்த பிறகு, உப்புக் குறைவு என்று சொல்வது போல அதைச் சொன்னார். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊரே காலடியைப் பாத்துப் பாத்து நடக்குது. நீ அதைத் தேடிப் போகப் போறியா?"

"தேடுறவங்களுக்கு அது எங்க இருக்குன்னு தெரியும். தேடாதவங்களுக்குத்தான் தெரியாது" என்றார் அம்மா.

அப்பா மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. நான்காம் நாள் அம்மா நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். பேசாமல் இருந்ததில் அப்பாவுக்கு நட்டம் மட்டும்தான்.

பயிற்சி மூன்று வாரம். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் அம்மா முற்றத்தில் தும்புக்கயிறு கட்டி, ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை பிரிப்பார். அதற்குள் முழந்தாளிட்டு, ஈர்க்குக் குச்சியால் மண்ணைச் சரிவாகக் குத்திக் குத்தி முன்னேறுவார். கோழிகள் கயிற்றைத் தாண்டி வந்தால் கைவேலையை நிறுத்தி, அவற்றை விரட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவார். ஒரு விரற்கடை இடத்தையும் விடமாட்டார். பக்கத்து வீட்டுச் சனம் வேலியால் எட்டிப் பார்த்து, "வெடி பொறுக்கப் படிக்கிறா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பயிற்சி முடிந்தது. எப்போது, எங்கே வரவேண்டும் என்று தொலைபேசியில் செய்தி வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் இருந்தது பொத்தான் அமுக்கும் சின்ன போன். தமிழில் வரும் எழுத்தெல்லாம் அதில் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். அதனால் எல்லாருக்கும் ஆங்கிலத்திலேயே அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது வந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார்.

'வீ வில் பிக் யூ அப் அற் த ஜங்ஷன், மண்டே 5.30.'

திங்கட்கிழமை, சந்தி, ஐந்தரை. இவ்வளவும் தண்ணீர் பட்டபாடு. சிக்கல் நடுவில் இருந்தது.

'பிக் அப்' என்ற சொல் எனக்குப் புதிதல்ல. எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். பச்சை நிற இரும்புச் சாமான் ஒன்றை எடுக்கக் கை நீட்டும் ஒரு சிறுவன். அதன் மேல் பெரிய சிவப்புக் குறுக்குக் கோடு. கீழே, பொறுக்காதே என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். 'பிக் அப்' என்றால் பொறுக்கி எடுப்பது. வெடி பொறுக்கும் வேலைக்கு வந்த செய்தியில் அந்தச் சொல் இருப்பது நியாயம்தான். ஆனால் படத்தில் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு நின்றன. இங்கே நடுவில் ஒரு 'யூ' புகுந்து இரண்டையும் பிரித்துவிட்டது. அதுவும் பொறுக்கப்படுவது வெடி அல்ல, 'யூ'. அம்மாவை யார் பொறுக்குவது?

ஆகவே அவை ஒரு சொல்லல்ல, இரண்டு தனித்தனிச் சொல் என்று முடிவு செய்தேன். பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த சொற்பட்டியலில் 'பிக்' என்றால் பறித்தல், தெரிவு செய்தல் என்று போட்டிருந்தது. அம்மாவைப் பறிக்க முடியாது. தெரிவு செய்யலாம். 'அப்' என்றால் மேலே.

"நாளைக்கு அஞ்சரைக்குச் சந்தியில வைச்சு உங்களை மேல் தெரிவு செய்வாங்களாம்" என்றேன்.

"தெரிவெல்லாம் முடிஞ்சிருச்சே. அது என்ன மேல் தெரிவு?"

"அது முதல் தெரிவு. இது அதுக்கு மேல."

அம்மா போனை வாங்கிப் பார்த்தார். பார்த்தால் தெரியாது என்றாலும் பார்த்தார். "நல்லாப் பாத்துச் சொல்லு. காலையிலயா, பின்னேரமா?"

அதில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் நான் எழும்புவது ஆறரைக்கு. அதற்கு முன் உலகத்தில் முக்கியமான எதுவும் நடப்பதாக நான் நம்பியதில்லை. "பின்னேரம்" என்றேன். அப்பாவின் முகத்தில் அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவைப் பார்த்தேன். தெரிவு இன்னும் முடியவில்லை என்றால் தெரிவாகாமல் போகவும் இடம் இருக்கிறதே.

மறுநாள் நான் எழும்பி வந்தபோது பால் சேர்க்கிறவர் மோட்டார் சைக்கிளில் படலையடியில் நின்றார். அப்பா ஆறு மணிக்கே வேலைக்குப் போயிருந்தார்.

"அக்கா, அஞ்சரைக்குச் சந்தியில ஒரு வெள்ளை வாகனம் நிண்டது. உள்ளுக்க முழுக்கப் பொம்பிளையள். உங்கட பேரைச் சொல்லிக் கேட்டவை. வீட்டைக் காட்டட்டோ எண்டு கேட்டனான். நேரமில்லை எண்டு போட்டினம்."

அம்மாவின் கையில் தண்ணீர் வாளி இருந்தது. அவர் அதைச் சிந்தாமல் கீழே வைத்தார். பிறகு என்னிடம் போனை நீட்டித் திரும்ப வாசிக்கச் சொன்னார். நான் திரும்பவும் அதையே சொன்னேன். வாகனம்தான் பிழையாகக் காலையில் வந்துவிட்டது, மேல் தெரிவு பின்னேரம்தான் என்று அடித்துச் சொன்னேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாகக் கேட்டது.

அம்மா வாதாடவில்லை. செய்தி வந்த இலக்கத்துக்கு அழைத்தார். மணி அடித்தது, எவரும் எடுக்கவில்லை. வெடி நிலத்துக்குள் போன் கொண்டு போகக்கூடாது என்று பயிற்சியில் சொன்னதை நினைத்தாரோ என்னவோ, இரண்டாம் தரம் முயலவில்லை. உள்ளே போய், அவர்கள் கொடுத்த சப்பாத்தைப் போட்டு, நாடாவை இரண்டு முடிச்சாகக் கட்டினார். முதல் நாள் வராதவரின் இடத்தைப் பட்டியலில் அடுத்துள்ள பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். பயிற்சியிலிருந்து வந்த முதல் சனிக்கிழமையே அதை அம்மா சொல்லியிருந்தார்.

"நீயும் வா. அங்க வெள்ளைக்காரங்க இருப்பாங்க. நீதான் பேசணும்."

இவ்வளவு நடந்த பிறகும் என் ஆங்கிலத்தை நம்பித்தான் என்னைக் கூட்டிப் போனார். சைக்கிள் கரியரில் உட்கார்ந்து போகும்போது எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

கிளிநொச்சியில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். வேலை நடக்கும் நிலம் பளைப் பக்கம் என்பது அம்மாவுக்குத் தெரியும். பயிற்சியின் கடைசி நாளில் ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டியிருந்தார்கள். நான் யன்னல் பக்கம் இருந்து செய்தியைத் திறந்து திறந்து அந்த ஒரு வரியையே வாசித்துக்கொண்டு வந்தேன். என் பக்கம் நியாயம் இருப்பதாக அது ஏதாவது ஓர் எழுத்தில் சொல்லாதா என்று.

பரந்தன் சந்தியில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு சின்ன லொறி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மண்வெட்டியும் சாப்பாட்டுப் பொதியுமாகச் சந்தியில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அதன் பின்பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறிய ஒருவர் குனிந்து இன்னொருவரின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். எங்கள் கொண்டக்டர் கதவால் தலையை நீட்டிக் கத்தினார்.

"ஏய் பிக்கப், ஆக்களை ஓரமா வைச்சு ஏத்து. வழியை விடு."

 பிக்கப். அப்பா வேலை கிடைக்கும் போதெல்லாம் சொல்லும் சொல். 'நாளைக்குச் சந்திக்கு முதலாளியோட பிக்கப் வருது' என்று இரவே சொல்லி வைத்துவிட்டுத்தான் படுப்பார். அது ஆங்கிலம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வண்டில், சைக்கிள் மாதிரி அதுவும் எங்கள் சொல் என்றுதான் நினைத்திருந்தேன். மறுபடி போனைப் பார்த்தேன். 'வீ வில் பிக் யூ அப்.' இப்போது அந்த 'யூ' இரண்டு சொல்லையும் பிரித்துக்கொண்டு நிற்கவில்லை. லொறியில் ஏறிய மனிதர்களைப் போல அவற்றின் நடுவில் ஏறி இருந்தது. சந்தியில் வந்து உங்களை ஏற்றிக்கொள்வோம். அவ்வளவுதான் விசயம்.

அம்மாவிடம் சொல்லவில்லை.  அம்மா முன்னால் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை அணைத்து அவரின் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

பளை தாண்டி ஒரு மணல் ஒழுங்கையடியில் இறங்கினோம். ஒழுங்கையின் இருபக்கமும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. தலையில்லாத பனைகளுக்கு நடுவில் வெள்ளை அடித்த கற்கள் இரண்டு வரிசையாகப் போயின. அம்மா நின்று என் தோளைப் பிடித்தார்.

"நான் கால் வைக்கிற இடத்துலதான் நீ கால் வைக்கணும். என் அடிக்குள்ள உன் அடி. வேற எங்கயும் இல்ல."

இரண்டு கல்வரிசைக்கும் நடுவில் லொறியே போகலாம். துப்புரவு செய்து முடித்த பாதை அது என்று அம்மாவுக்கும் தெரியும். அப்படியிருந்தும் அவர் நடுக்கோட்டில், என் காலுக்கு எட்டும் அளவில் சின்னச் சின்ன எட்டாக வைத்துப் போனார். சப்பாத்துத் தடத்துக்குள் என் பாட்டாச் செருப்பை வைத்து வைத்து நான் பின்னால் போனேன். இருபது நிமிடம் இருக்கும். வெயில் ஏறிவிட்டிருந்தது.

ஒழுங்கை முடிவில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டிலும், பின்கதவு திறந்தபடி ஓர் அம்புலன்சும் நின்றன. யாருக்கும் எதுவும் நடக்காமலே அம்புலன்ஸ் வந்து காத்து நிற்பதை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். காவலுக்கு நின்றவர் கைரேடியோவில் பேச, உள்ளேயிருந்து குழுத்தலைவி வந்தார். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்துப் பெண். கழுத்தில் சின்னச் சிலுவை. முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டிருந்தார்.

"சந்தியில பத்து நிமிசம் நிண்டனாங்கள். ஏன் வரேல்ல அக்கா?"

"மெசேஜ் விளங்கேல்ல" என்றார் அம்மா. என் பக்கம் திரும்பவில்லை.

"விளங்காட்டி நேற்றைக்கே எடுத்துக் கேட்டிருக்கலாமே. இந்த வேலையில விளங்காததை விளங்கினமாதிரி வைச்சுக்கொண்டு ஒரு அடி எடுத்து வைக்கேலாது. பயிற்சியில சொன்னதுதானே."

"ஓம். என்ர பிழைதான்."

இதை அம்மா தலையைக் குனிந்து சொல்லியிருந்தால் நான் பேசாமல் நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் நேராக நின்று சொன்னார். செய்யாத பிழையை அவ்வளவு நேராக நின்று ஏற்றுக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா வாசிக்கேல்ல. நான்தான் வாசிச்சுச் சொன்னனான். எனக்கு அந்தச் சொல்லுத் தெரியாது" என்றேன்.

தெரியாது.  அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

 முடிவு தன் கையில் இல்லை என்று சொல்லி, குழுத்தலைவி கொட்டிலுக்குள் இருந்த வெள்ளைக்காரரைக் கூட்டி வந்தார். உயரமான மனிதர். கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. குழுத்தலைவி வேகமாக ஆங்கிலத்தில் சொன்னார். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், முடியாது என்று தலையை ஆட்டினார். 'ரூல்' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அந்த ஒரு சொல்லே போதும்.

அதுவரை நான் எந்த மனிதரிடமும் ஆங்கிலத்தில் பேசியதில்லை. பேசியதெல்லாம் ரீச்சர் கேட்க, வகுப்போடு சேர்ந்து சொன்ன பதில்கள். ஆனால் என் கையில் இப்போது சரியான ஒரு சொல் இருந்தது. பரந்தனிலிருந்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தேன். அம்மாவைக் கடந்து முன்னால் போய் நின்றேன்.

"சேர், டுமோரோ யூ பிக் அப் மை மதர்."

நாளைக்கு நீங்கள் என் அம்மாவை ஏற்ற வேண்டும். கேட்டால் கட்டளை போலத்தான் இருந்திருக்கும். 'பிளீஸ்' போட மறந்துவிட்டேன். குழுத்தலைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டார். வெள்ளைக்காரர் குனிந்து, எங்கே என்று கேட்டார்.

"ஜங்ஷன். ஃபைவ் தேட்டி." பிறகு, ஒருமுறை விட்டதை இரண்டாம் முறை விடக்கூடாது என்று, "மோர்னிங்" என்றும் சேர்த்தேன்.

அவர் அப்போதும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எப்படி இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று குழுத்தலைவி மூலம் கேட்டார். சைக்கிளில், பஸ்ஸில், பிறகு நடந்து என்றார் அம்மா. "பிள்ளையைக் கொண்டு வரக்கூடாத இடம்" என்று குழுத்தலைவி தன் பங்குக்கும் சொன்னார். வெள்ளைக்காரர் ஒழுங்கைப் பக்கம் போனார். தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு இருபது முப்பது அடி நடந்தார். மெல்லிய மணலில் எங்கள் தடம் கிடந்தது. இரண்டு பேர் வந்த இடத்தில் ஒரே வரிசைத் தடம். ஒவ்வொரு சப்பாத்து அடிக்குள்ளும் ஒரு சின்னச் செருப்பு அடி. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் அது பிசகவேயில்லை. அவர் குழுத்தலைவியைக் கூப்பிட்டு விரலால் காட்டினார். இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வந்து என்னிடம்தான் சொன்னார். "ஓகே. டுமோரோ வீ வில் பிக் ஹர் அப்."

'யூ' நின்ற இடத்தில் இப்போது 'ஹர்' வந்து நின்றது. அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்று எனக்குப் பிடிபட்டது.

"என்ன சொல்றாரு?" என்று அம்மா என்னிடம் கேட்டார். குழுத்தலைவி பக்கத்தில் நிற்கும்போதே, என்னிடம்தான் கேட்டார்.

"நாளைக்குக் காலையில வந்து உங்களை ஏத்துவாங்களாம்" என்றேன்.

பின்னேரம் அப்பா வந்து முழுக் கதையையும் கேட்டார். மேல் தெரிவு இல்லை என்று தெரிந்ததும் முகம் ஒருமுறை வாடியது. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "பிக்கப்னா என்னன்னு என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அதற்குப் பிறகு வேலை வேண்டாம் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கே சைக்கிளைத் துடைத்து, அம்மாவை அவரே ஏற்றிக்கொண்டு சந்திக்குப் போனார். நானும் எழும்பி அவர்களுக்குப் பின்னால் ஓடினேன். ஆறரைக்கு முன்னும் உலகம் இருந்தது. பனி விழுந்திருந்தது, பால் கான்கள் சத்தம் போட்டன, ஐந்தரைக்குச் சரியாக வெள்ளை வாகனத்தின் வெளிச்சம் வளைவில் தெரிந்தது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு அம்மாவைத் தூக்கி எடுத்தது.

அதன் பிறகு தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிவிட்டேன். ஆனால் தெரியாது என்பதாவது தெரிந்திருந்தால்தானே சொல்லலாம்.

வேலைக்குப் போன இரண்டாவது வாரம் அம்மாவுக்குப் படம் போட்ட அட்டை ஒன்று கொடுத்தார்கள். நெஞ்சில், இடது பக்கம் குத்திக்கொள்ள வேண்டும். பெயருக்குக் கீழே, பெயரை விடப் பெரிதாக, சிவப்பு எழுத்தில் 'பி'யும் பக்கத்தில் ஒரு சக (+) அடையாளமும் இருந்தன. இதற்கு அகராதி தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் அப்படித்தான் போடுவார்கள். அம்மா பயிற்சியில் பி பிளஸ் எடுத்திருக்கிறார். வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். எழுதப் படிக்கத் தடுமாறும் ஒருவருக்கு அது நல்ல புள்ளிதான் என்று எனக்குள் மதிப்பும் போட்டுவிட்டேன். ஆனாலும் ஏ இல்லையே என்ற குறை கிடந்தது.

அது அவரின் இரத்த வகை என்பது, பல வருடம் கழித்து உயர்தரம் படிக்கும்போது, இரத்ததான முகாமில் எனக்கென்று ஓர் அட்டை எழுதித் தந்தபோதுதான் விளங்கியது. எனக்கும் அதே எழுத்து, அதே சக அடையாளம். ஒரு நாளில்லாவிட்டால் ஒரு நாள், அம்மாவிடம் எதுவும் கேட்க முடியாத நிலையில் ஒரு வைத்தியருக்கு அது அவசரமாகத் தேவைப்படலாம் என்றுதான் அவ்வளவு பெரிதாக எழுதி நெஞ்சில் குத்திவிட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அது முதல் நாளே தெரியும். ஒவ்வொரு விடியற்காலையும் கண்ணாடி பார்த்து அதை நேராகக் குத்திக்கொண்டுதான் சந்திக்குப் போனார்.

அன்றைக்கு, அட்டை வந்த மறுநாள், வாகனத்துக்குக் காத்து நிற்கும்போது நான் அவரிடம் சொன்னேன்: "அடுத்த முறை கொஞ்சம் பாடுபட்டு ஏ எடுங்கம்மா."

அம்மா அட்டையைக் குனிந்து பார்த்தார். "எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.